பார்வை இழந்த போர்வீரரின் தோழர் சர் ஆர்தர் பியர்சன்

மே மாதம் 19ஆம் நாள் புனித டன்ஸ்டன் திருநாள். அது கோடை விடுமுறைக் காலம் என்பதாலோ என்னவோ, இப்புனிதரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கான்டர்பரிப் பேராயராக விளங்கியவர் அவர். உலோக வேலையில் கைதேர்ந்தவராம். ஆகவே பொற்கொல்லர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மக்களிடம் செயின்ட் டன்ஸ்டன் என்று சொன்னால் அவர்கள் நினைவுக்கு வந்தவர்கள் பொற்கொல்லர்கள் அல்லர்; போரில் கண்ணிழந்த வீரர்கள். பேராயருக்கும் அவ்வீரர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு பழைய கடிகாரம்தான் தொடர்பு. அந்தக் கதை பின்னால் வருகிறது. அதற்கு முன், அந்தப் பெயரை உலகறியச் செய்த சர் ஆர்தர் பியர்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போரில் உறுப்பிழந்தோரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்தான் முதலில் எண்ணியது அன்று. பிரான்சு நாட்டு அரசரான புனித ஒன்பதாம் லூயி 1260ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் பார்வையற்ற 300 பேருக்கு ஓர் இல்லம் அமைத்தார். அதன் பெயரே பதினைந்து இருபதுகள் என்பதுதான். பதினைந்து இருபதைப் பெருக்கினால் 300 வருகிறதல்லவா? சிலுவைப் போரில் கண் பிடுங்கப்பட்ட 300 வீரர்களுக்காக அதைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க உருக்கமாக இருந்தாலும் அது பிற்காலத்தில் எழுந்த கதை என்றும், நகரத்து ஏழைகளுக்காகவே அந்த இல்லம் ஏற்பட்டது என்றும் வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பின்னர் 1670இல் பதினான்காம் லூயி மன்னர் முதிய வீரர்களுக்காகவும் உறுப்பிழந்த வீரர்களுக்காகவும் பாரிஸில் இன்வலீட் என்னும் பெரிய மாளிகையைக் கட்ட ஆணையிட்டார். 1682இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அதே போன்ற ஒன்றை லண்டன் செல்சியில் தொடங்கினார். இவை யாவும் நல்ல காரியங்களே. ஆயினும் இவை தங்கியிருக்கும் இடங்கள். உள்ளே சென்றவருக்குச் சோறும் படுக்கையும் சாகும்வரை உண்டு. மீண்டும் வெளியே வந்து பிழைப்பதற்கு வழி சொல்லித் தருவது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்களோ தெருவில் கையேந்தினார்கள்.

பியர்சன் 1866 பிப்ரவரி 24ஆம் நாள் சாமர்செட் மாவட்டத்தில் வுக்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். பெரிய செல்வம் இல்லை. அக்காலத்தில் டிட் பிட்ஸ் என்றொரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. அது 1884இல் ஒரு பொது அறிவுப் போட்டி நடத்தியது. வாரம் பத்துக் கேள்விகள். இப்படிப் பதின்மூன்று வாரங்கள். வெற்றி பெறுவோருக்கு அதே இதழ் அலுவலகத்தில் ஆண்டுக்கு 100 பவுன் சம்பளத்தில் வேலை. பதினெட்டு வயதுப் பியர்சன் விடை தேடுவதற்காகத் தம் கிராமத்திலிருந்து வெகு தொலைவிலிருந்த பெட்ஃபர்டு நூலகத்துக்கு மீண்டும் மீண்டும் சைக்கிளில் சென்று வந்தார். வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் அந்த இதழின் மேலாளராகிவிட்டார்!

1890இல் சொந்தமாகவே பியர்சன்ஸ் வீக்லி என்ற வார இதழைத் தொடங்கினார். மக்களைக் கவர்வதற்கு அவர் செய்யாத வித்தை இல்லை. விஷக் காய்ச்சல் பரவியபோது தம் இதழின் தாள்களில் நீலகிரித் தைலத்தைத் தோய்த்து விற்றார் என்பார்கள். விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றும் நடத்தினார். ஒரு ஷில்லிங் கட்டி ஊகித்து எழுத வேண்டும். ஆயிரமாயிரம் ஏழைகள் ஷில்லிங்கைக் கட்டினார்கள். 1892இல் நீதிமன்றம் இது போட்டியன்று, லாட்டரிச் சீட்டு என்று தீர்ப்பளித்து நிறுத்தியது. பியர்சனின் வாழ்வில் எனக்குப் பிடிக்காத பகுதி இது. ஆனால் அதே 1892ஆம் ஆண்டில்தான் லண்டன் குடிசைப் பகுதிக் குழந்தைகளை ஒரு நாளாவது பசும்புல் தரைக்கு அழைத்துச் செல்லத் தூய காற்று நிதி என்ற ஒன்றையும் தொடங்கினார். ஒன்பது பென்னி கொடுத்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் மகிழ்ச்சி. மனிதரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன போலும்.

1900இல் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழைத் தொடங்கினார். 1904இல் ஸ்டாண்டர்டு நாளிதழை விலைக்கு வாங்கினார். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் புகழ்பெற்ற சாரணர் நூலை 1908இல் வெளியிட்டதும் இவருடைய பதிப்பகமே. நம் பள்ளிச் சாரணியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

அதே 1908ஆம் ஆண்டில்தான் துன்பம் வந்தது. அவருக்குக் கிளாக்கோமா என்னும் கண்நோய். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் நோய் இது. அறுவைச் சிகிச்சை செய்தும் பயனில்லை. நாளெல்லாம் அச்செழுத்தோடு வாழ்ந்தவருக்கு எழுத்து மங்கத் தொடங்கியது. பத்திரிகைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தபோது முழு இருள்.

இனி மீட்சியில்லை என்று மருத்துவர் சொன்ன நாளில், மூலையில் உட்காரும் பார்வையற்றவனாக நான் இருக்கப் போவதில்லை என்று அவர் தம் மனைவியிடம் உறுதி கூறினாராம். அந்த உறுதியை எப்படிக் காத்தார் என்பதுதான் வியப்பு. தம் உணவைத் தாமே வெட்டி உண்ணவும், தாமே சவரம் செய்துகொள்ளவும், லண்டன் தெருக்களில் நடக்கவும் பழகினார். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையில் 1912இல் ஓர் அகராதியை வெளியிட்டார். தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தில் சேர்ந்து 1914இல் அதன் தலைவரானார். பத்திரிகை விற்ற திறமையை இப்போது நிதி திரட்டுவதில் காட்டினார். அவர் சேர்ந்தபோது அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 8,000 பவுன். எட்டே ஆண்டுகளில் அது 3,60,000 பவுனாக உயர்ந்தது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. பீரங்கிக் குண்டுச் சிதறல்கள் முகத்தில் பாய்ந்து இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் பார்வை இழந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பின்னாளில் நச்சுப் புகையும் சேர்ந்துகொண்டது. லண்டன் மருத்துவமனையில் கண்கட்டோடு படுத்திருக்கும் பையனுக்கு உண்மையைச் சொல்ல மருத்துவருக்கும் மனம் வராது, செவிலியருக்கும் வராது. கட்டை அவிழ்த்தால் தெரியும் என்று அவன் நம்பிக்கொண்டிருப்பான். அப்போது அவன் கட்டிலருகே ஒருவர் வந்து அமர்வார். வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி, செய்த வேலையைப் பற்றி விசாரிப்பார். பிறகு தமக்கும் கண் தெரியாது என்பதைச் சொல்வார். அவர்தான் பியர்சன்.

அவர் அவர்களுக்கு முதலில் தந்த பரிசு என்ன தெரியுமா? பழமன்று, இனிப்பன்று, ஜெபமாலையுமன்று. ஒரு கைக்கடிகாரம். கண்ணாடி மூடியைத் திறந்து முட்களையும் புள்ளிகளையும் விரலால் தொட்டு மணி அறியலாம். கண் போனவனுக்குப் பகலும் இரவும் ஒன்றாகிவிடும். நேரம் என்ன என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டும். கடிகாரம் கைக்கு வந்ததும் அந்த ஒன்றை அவன் பிறரைக் கேட்க வேண்டியதில்லை. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

1915 பிப்ரவரியில் லண்டனில் பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு வீட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வீரர்களோடு அவருடைய விடுதி தொடங்கியது. இடம் போதவில்லை. மார்ச் மாதத்திலேயே ரீஜண்ட் பூங்காவில் இருந்த பெரிய மாளிகைக்கு மாறினார்கள். ஆட்டோ கான் என்ற அமெரிக்க வங்கியாளர் அதை வாடகையின்றிக் கொடுத்து உதவினார். அம்மாளிகையின் பெயர் செயின்ட் டன்ஸ்டன். லண்டனில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த தெரு பிளீட் தெரு. அங்கே புனித டன்ஸ்டன் ஆலயத்தில் ஒரு பழங்காலக் கடிகாரம் இருந்தது. இரண்டு அரக்கர் பொம்மைகள் கதாயுதத்தால் மணியை அடிக்கும். ஆலயத்தைப் புதுப்பித்தபோது ஹெர்ட்ஃபர்டு பிரபு அக்கடிகாரத்தை விலைக்கு வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். அதனால் மாளிகைக்கும் அப்பெயர் வந்தது. (1935இல் அக்கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.) பத்திரிகைத் தெருக் கடிகாரம் மணி அடிக்கும் வீட்டில், பத்திரிகையை இழந்த மனிதர் தம் வேலையைத் தொடங்கினார்.

அந்த வீட்டில் நடந்தவற்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நடப்பதற்கு வசதியாக அறைகளில் குறுகிய விரிப்புகளைப் பாதைபோல் போட்டிருந்தார்கள். கால் விரிப்பில் இருக்கும்வரை எதிலும் மோதமாட்டார்கள். விரிப்பை விட்டு எந்த நாற்காலியையும் நகர்த்தி வைக்கக் கூடாது. தோட்டத்தில் கைப்பிடிக் கம்பிகள். படிக்கட்டு வருமிடத்தில் காலுக்குத் தட்டுப்படும்படி பலகை. காலையிலும் மாலையிலும் வகுப்பும் பட்டறையும். பிரெய்ல், தட்டச்சு, சுருக்கெழுத்து, தொலைபேசி இணைப்பு வேலை, உடலைப் பிடித்துவிடும் மசாஜ் சிகிச்சை, செருப்புத் தைத்தல், தச்சு வேலை, கூடை முடைதல், பாய் நெய்தல், கோழி வளர்ப்பு ஆகிய இவற்றில் எது வேண்டுமோ கற்கலாம். கோழியைத் தடவிப் பார்த்தே அது எந்த இனம் என்று சொல்லிவிடுவார்களாம்! மசாஜ் கற்றவர்கள் இராணுவ மருத்துவமனைகளுக்கே வேலைக்குப் போய்க் காயம்பட்ட மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். ஓய்வு நேரத்தில் ரீஜண்ட் பூங்கா ஏரியில் படகு வலிப்பு; மாலையில் நடனம்.

ஆசிரியர்களில் பலர் பார்வையற்றவர்கள். பியர்சன் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பார்வை உள்ள ஆசிரியர் ஒரு வேலையைச் செய்து காட்டினால், உனக்கென்ன, உனக்குக் கண் இருக்கிறது என்று மாணவன் மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். தன்னைப் போலவே கண்ணில்லாதவர் செய்து காட்டினால் அப்படிச் சொல்ல முடியாதல்லவா?

இன்னொரு சட்டமும் இருந்தது. இரக்கம் காட்டக் கூடாது. ஐயோ பாவம் என்ற பேச்சே அங்கு உதவாது. உதவிக்கு வந்த பெண்கள் கண்ணீரை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்துமஸின்போது கேக் எடுத்துக்கொண்டு பார்வையற்ற பெண்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்துக்குப் போயிருந்தோம். என் அருகில் இருந்த அக்காவிடம் நான் மிகவும் உரக்க, சொல் சொல்லாக நிறுத்திப் பேசினேன். அவர் சிரித்துவிட்டு, காது நன்றாகத்தான் கேட்கிறது, எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டார். என் முகம் சிவந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பயிற்சி முடிந்து வெளியே சென்றவர்களையும் பியர்சன் கைவிடவில்லை. கூடை முடைபவருக்குப் பிரம்பு கிடைக்கிறதா, செய்த பொருள் விற்கிறதா என்று கவனிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தார். அரசு தரும் ஓய்வூதியம் ஒரு பக்கம், உழைத்துப் பெறும் கூலி ஒரு பக்கம். போர் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வீட்டுக்குள் வந்திருந்தார்கள். 1916இல் அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. இவருக்கு முன்னும் பின்னும் வேறு அமைப்புகளும் தோன்றின. நடக்க முடியாத வீரர்களுக்காக 1916இல் ரிச்மண்டில் ஸ்டார் அண்ட் கார்ட்டர் இல்லம் திறக்கப்பட்டது. 1920இல் அமெரிக்காவில் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1921இல் பிரிட்டிஷ் லீஜியன் தோன்றியது. அடுத்த ஆண்டு உறுப்பிழந்த வீரர்களைக் கொண்டு பாப்பி மலர் செய்யும் தொழிற்கூடமும் ஏற்பட்டது.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. போரில் கண்ணிழந்தவருக்கு மாளிகையும் படகும் கிடைத்த அதே நாட்டில், பிறவியிலோ, நோயினாலோ, தொழிற்சாலை விபத்தினாலோ கண்ணிழந்தவர்களின் நிலை என்ன? மிகக் குறைந்த கூலிக்குப் பட்டறையில் உழைத்தார்கள், அல்லது பிச்சை எடுத்தார்கள். 1920 ஏப்ரலில் அவர்களில் ஏறத்தாழ 250 பேர் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய ஊர்களிலிருந்து கைகோத்து லண்டனுக்கு நடந்தே வந்தார்கள். எங்களுக்குத் தர்மம் வேண்டாம், நீதி வேண்டும் என்பதே அவர்கள் கொடியின் கருத்து. அவ்வாண்டே பார்வையற்றோர் சட்டம் நிறைவேறியது. எழுபது வயதில் கிடைத்துவந்த ஓய்வூதியம் அவர்களுக்கு ஐம்பது வயதிலேயே கிடைக்க வழி பிறந்தது. பியர்சன் இரு சாராருக்காகவும் பாடுபட்டவர்தாம். தேசியப் பார்வையற்றோர் நிறுவனம் போர்வீரர்களுக்கானதன்று, எல்லாருக்குமானது. ஆனால் மக்களின் பணப்பை வீரனைக் கண்டால் திறந்த அளவுக்கு, வீதியோரத்தில் நின்றவரைக் கண்டால் திறக்கவில்லை. பத்திரிகையில் வரும் துன்பத்துக்கும் பக்கத்துத் தெருத் துன்பத்துக்கும் இந்த வேறுபாடு எப்போதும் உண்டு போலிருக்கிறது.

1921 டிசம்பர் 9ஆம் நாள். வீட்டுக் குளியலறையில் பியர்சன் கால் வழுக்கி விழுந்தார். தலை குழாயில் மோதி நினைவிழந்தார். தொட்டி நீரிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 55. எல்லா இடத்திலும் தாமாகவே நடந்து பழகியவரின் முடிவு இப்படி ஆனது. ஹாம்ஸ்டெட் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். அவரிடம் படித்த வீரர்கள் பலர் இறுதி ஊர்வலத்துக்கு வந்தார்கள்.

அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் இருபத்து நான்கே வயதான ஈயான் ஃபிரேசர். 1916இல் சோம் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் பார்வை இழந்தவர். மருத்துவமனையில் கிடந்தபோது அவருக்குப் பியர்சனின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்த ஐரீன் மேஸ் என்ற பெண்ணையே பிறகு மணந்துகொண்டார்! பாராளுமன்ற உறுப்பினராகவும் பிரபுவாகவும் உயர்ந்தார். 1974இல் இறக்கும்வரை, அதாவது ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, அந்த அமைப்பை நடத்தினார். இசைத்தட்டில் புத்தகத்தைப் பதிவு செய்து பார்வையற்றோருக்கு அனுப்பும் பேசும் புத்தக நூலகம் 1935இல் தொடங்கியதற்கு அவருடைய முயற்சி பெருங்காரணம். 2012இல் அமைப்பின் பெயர் பார்வையற்ற முன்னாள் படைவீரர் சங்கம் என்று பொருள்படும்படி மாறியது.

ஏதோ தொலைதூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். பியர்சனிடம் பயின்றவர்களில் கிளூதா மெக்கன்சி என்ற நியூசிலாந்து இளைஞர் ஒருவர் இருந்தார். 1915இல் கலிப்போலிப் போரில் இருபது வயதில் கண்ணிழந்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் பலர் பார்வை இழந்தபோது, 1943இல் டேராடூன் நகரில் செயின்ட் டன்ஸ்டன் விடுதி ஒன்று ஏற்பட்டது. அங்கே பணியாற்ற மெக்கன்சி வந்தார். அந்த விடுதியிலிருந்து வளர்ந்ததுதான் 1950இல் நம் அரசு தொடங்கிய பார்வையற்ற முதியோர் பயிற்சி மையம். அடுத்த ஆண்டு அங்கே மத்திய பிரெய்ல் அச்சகமும் வந்தது. இன்று அது பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது.

அக்காலத்தில் நம் நாட்டில் பிரெய்ல் முறைகள் பலவாறாக இருந்தன. ஒரு பள்ளியில் படித்தவர் மற்றொரு பள்ளிப் புத்தகத்தைப் படிக்க முடியாது. எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான ஒரே முறை வேண்டும் என்று மெக்கன்சி பாடுபட்டார். 1951இல் பாரதி பிரெய்ல் என்ற பெயரில் அது உருவாயிற்று. இன்று தமிழைத் தொட்டுப் படிப்பவர்கள் அந்த முறையில்தான் படிக்கிறார்கள். அதில் நம்முடைய அ என்னும் எழுத்து, இடப்பக்கம் மேலே ஒரே ஒரு புள்ளி.